சென்சாரை இடம் மாற்றியவனும் அவன் மாமியாரும்

என் கார் சாவியை என் மனைவி பீரோவில் வைத்துப் பூட்டியதற்கு முதல் காரணம் ஒரு எலி. அடுத்த காரணம், கள்ளக்குறிச்சியில் சேலம் சாலையோரம் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக். எலியை நான் மன்னித்துவிட்டேன்.

கச்சிராயபாளையத்துக்கு வெளியே இருக்கும் எங்கள் வீட்டின் பின்சுவரை ஒட்டியே கரும்புத் தோட்டம் தொடங்குகிறது. வெட்டு முடிந்ததும் வயலில் இருந்த எலிகள் வேறு வீடு பார்க்கப் புறப்படும். அந்த வருஷம் அவற்றில் ஒன்று என் டீசல் காரின் ஏர் ஃபில்டர் பெட்டியைப் பார்த்துப் பிடித்துப் போய்க் குடிவந்தது. காய்ந்த கரும்புச் சோகையைக் கிழித்துக் கொண்டுவந்து போட்டு, ஃபில்டர் காகிதத்தையும் கடித்துச் சேர்த்து மெத்தை தைத்து, அதில் குட்டியும் போட்டிருந்தது. வண்டி இருமியது. திறந்து பார்த்தால் குடும்பமே இருக்கிறது.

அரசு வாகனப் பணிமனையில் சேர்ந்து, மேலாளராக ஓய்வு பெற்றவன் நான். கலெக்டர் ஜீப்பிலிருந்து கால்நடை மருத்துவமனை வேன் வரை, நான் ஓட்டிப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் எதுவும் கேட்டைத் தாண்டியதில்லை. பெட்டியைக் கழுவிப் புது ஃபில்டர் போடுவது எனக்கு ஒரு வேலையே இல்லை. ஆனால் முதுகுவலி வந்ததிலிருந்து நான் குனிவதும் நிமிர்வதும் சென்னையிலிருக்கும் என் மகனின் அனுமதியோடுதான் நடக்கிறது. "நீங்க குனியாதீங்கப்பா. என்கூடப் படிச்சவன் பட்டறை வெச்சிருக்கான், அவன்கிட்ட விடுங்க" என்றான். விட்டேன்.

திரும்பப் போனபோது பெட்டியைக் காணோம். அது இருந்த இடம் வெறும் பள்ளமாக இருந்தது. இன்ஜினுக்கு முன்னால், ரேடியேட்டருக்குப் பின்பக்கமாக, கோவில் கோபுரக் கலசத்தைக் கவிழ்த்து வைத்தாற்போல் சிவப்பாக ஒரு ஃபில்டர் திறந்தபடி உட்கார்ந்திருந்தது. காற்றுக் குழாயை வெட்டிக் குட்டையாக்கி, பெட்டியின் வாயில் இருந்த சென்சாரைப் பிடுங்கி, வயரை நீட்டி, அந்தச் சிவப்புக் கலசத்தின் கழுத்தில் கொண்டுபோய் மாட்டியிருந்தான்.

அந்தச் சென்சார் இன்னது செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகிறது, அது எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்த்து வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. சென்சார் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு அதற்குத் தகுந்த டீசலைக் கொடுக்கும். காற்று குளிர்ந்திருக்கிறது என்றால் தாராளமாகக் கொடுக்கும். கொதிக்கிறது என்றால் இன்ஜினைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று கையை மூடிக்கொள்ளும். அதனால்தான் வண்டி செய்தவர்கள் அந்தச் சென்சாரை இன்ஜின் சூடு படாத மூலையில், பெட்டிக்குள் வைத்தார்கள். கண்ட இடத்தில் வைக்க அது என்ன காலண்டரா?

"ஏன் தம்பி இடத்தை மாத்தினே?" என்று கேட்டேன்.

"எலி கூடு கட்ட பொட்டியே கெடையாது இனிமே. அதான் சார்" என்றான். "மலைக்குப் போற வண்டிக்கெல்லாம் இதான் போட்டு வுடறேன். காத்து ஜாஸ்தி, பவர் ஜாஸ்தி."

"ரேடியேட்டர் சூடு அத்தனையும் அதன்மேலதானே அடிக்கும்?"

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு லாரிக்காரர்களும் கேட்கும்படியாகவே சொன்னான். "சார், நீங்க இருந்த காலத்துல கார்புரேட்டரு. வாயால ஊதியே சரி பண்ணலாம். இது கம்ப்யூட்டரு சார். உங்களுக்குப் புரியாது, வுடுங்க."

லாரிக்காரர்களும் சிரித்தார்கள். என் பணிமனையில் பாதிக்கு மேல் டீசல் வண்டிகள். டீசல் வண்டியில் கார்புரேட்டரே கிடையாது என்பது டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். மனசுக்குள் அவன் பேரில் ஒரு ஃபைலைத் திறந்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் என்னைப் புறவழிச்சாலை ஓரம் நிற்க வைத்து அவன் வண்டியை ஓட்டிக் காட்டினான். கள்ளக்குறிச்சிப் பட்டறைகளில் சோதனை ஓட்டம் என்றால் இதுதான். விடிந்தும் விடியாத நேரம், காலியான நேர்சாலை, வண்டியில் ஓட்டுகிறவனைத் தவிர ஆளில்லை, ஏசி கிடையாது. அந்த ஓட்டத்தில் மாட்டு வண்டிக்கு இன்ஜின் வைத்தாலும் பறக்கும். எதிர்காற்று அடித்துச் சூட்டையெல்லாம் பின்னால் தள்ளிவிடுமே. வண்டியும் பறந்தது. "பார்த்தீங்களா சார்?" என்றான். மாற்றிய பாகத்தை அது படக்கூடிய மிக மோசமான நிலையில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்பது முறை. அதைச் சொன்னேன். "மோசமெல்லாம் நம்ம வண்டிக்கு வராது சார்" என்றான்.

வந்தது.

என் மனைவி வெள்ளிமலையில் பல வருஷம் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். மலையில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் டீச்சரம்மாவுக்குப் பத்திரிகை வரும். அந்தச் சித்திரையில் அவளுடைய பழைய மாணவி ஒருத்தியின் மகளுக்குக் கல்யாணம். அவளோடு வேலை பார்த்த இரண்டு ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் கிளம்பினார்கள். பரிசாகக் கொடுக்க வாங்கிய கிரைண்டர் டிக்கியில். நடு வெயில். பின்னால் மூன்று பேரும் ஏசியைக் கூட்டு கூட்டு என்றார்கள். கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதையில் ஏறினால் முன்னால் ஒரு கரும்பு டிராக்டர் காலி டிரெய்லரோடு ஊர்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் நானும் ஊர்ந்தேன். எனக்குப் பின்னால் வெள்ளிமலை பஸ்.

பாதி மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவு. அதில் திரும்பும்போது வண்டியில் உயிர் போனது. ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்தாலும் முனகுகிறதே தவிர இழுக்கவில்லை. முதல் கியரில் போட்டேன். இன்ஜின் அணைந்தது. வண்டி ஒரு முழம் பின்னால் உருண்டது. பஸ் ஹார்ன் அடித்த அடியில் மலையே அதிர்ந்தது.

கண்டக்டர் இறங்கி ஓடி வந்து ஒரு கல்லை உருட்டிச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார். "இன்னா பெரியவரே, கியரு எங்க கீதுன்னு தெரியுமா, இல்ல நான் காட்டட்டா?" பஸ் ஜன்னல்கள் எல்லாவற்றிலும் தலைகள். அதில் ஒரு தலை என் மனைவியை அடையாளம் கண்டுகொண்டது.

"டீச்சரம்மா! எறங்கி வாங்க, எடம் கீது. தாத்தா மெதுவா வரட்டும்!"

அவர்கள் இறங்கினார்கள். மூன்று ஆசிரியைகளும் பஸ்ஸில் ஏறினார்கள். கிரைண்டரையும் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் ஏற்றினார்கள். பஸ் என்னைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போனபோது யாரோ டாட்டா காட்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போல வண்டி கிளம்பி ஏறியது. நான் கல்யாண வீட்டுக்குள் நுழைந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மணப்பெண்ணின் தாத்தா என்னைப் பார்த்து, "பஸ்ஸே நல்லா போவுதே சார்" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

மலையிறங்கியதும் நேராகப் பட்டறைக்குப் போய் நடந்ததைச் சொல்லி வண்டியை விட்டேன். அன்று சாயங்காலம் நான் மகனிடம் பேசுவதற்குள் மெக்கானிக் பேசிவிட்டான். நண்பன் அல்லவா. வண்டியில் ஒரு குறையும் இல்லை, உங்கப்பா கிளட்சை மிதித்தபடியே ஏறியிருக்கிறார், வயசாகிவிட்டது, கால் நிதானம் இல்லை, பின்னால் பஸ் மட்டும் கொஞ்சம் வேகமாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லியிருக்கிறான். கையோடு கிளட்ச் பிளேட்டையும் கழற்றிப் புதிது மாட்டிவிட்டான். மகன் போனில் அழாத குறை.

"சென்சாரை மாத்தினதுதான் காரணம்டா" என்றேன்.

"அப்பா, அவன் தெனமும் பத்து வண்டி பார்க்கறான். நீங்க ரிட்டையர் ஆகி எவ்ளோ நாளாச்சு? இனிமே நீங்க ஓட்ட வேணாம். அம்மாகிட்ட சாவியக் குடுங்க."

இப்படித்தான் சாவி பீரோவுக்குள் போனது. ஊரில் கால் வலிமையோடு இருக்கும் ஒருவனை உட்கார வைக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. கள்ளக்குறிச்சிக்குப் போக வேண்டும் என்றால் டவுன் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். அந்தப் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே டீக்கடை. டீக்கடையில் எல்லாருக்கும் கதை தெரியும். "இன்னா சார், வண்டி ரெஸ்ட்ல கீதா, நீங்க ரெஸ்ட்ல கீறீங்களா?" என்பார்கள். மறுபடியும் என் வண்டியை நான் ஓட்ட வேண்டும், அவன் வாயாலேயே என் மகனிடம் உண்மையைச் சொல்ல வைக்க வேண்டும். எனக்கு வேண்டியது இந்த இரண்டுதான். இரண்டாவதுதான் அதிகமாக வேண்டியிருந்தது.

பேட்டரி இறங்கிவிடாமல் இருக்க, வாரத்துக்கு ஒரு தடவை வீட்டு வாசலுக்குள்ளேயே வண்டியை ஸ்டார்ட் செய்துவைக்க மனைவி அனுமதித்தாள். பக்கத்திலேயே நிற்பாள். எனக்கு அது போதும். ஸ்டீரிங்குக்கு அடியில் செருகினால் சென்சார் கணக்கையெல்லாம் செல்போனில் காட்டுகிற தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்று இப்போது கடையில் கிடைக்கிறது. அதை வாங்கிச் செருகினேன். பானெட்டை மூடி, ஏசியை முழுசாக வைத்து, ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு கோணிப்பையைத் தொங்கவிட்டேன். மலையேற்றத்தில் எதிர்காற்று கிடையாதே, அதற்குப் பதிலாகத்தான் கோணி. செல்போனில் காற்றின் சூடு ஏறத் தொடங்கியது. ஏறிக்கொண்டே போனது. வாசலில் வீசும் காற்று முப்பத்தைந்து டிகிரி என்றால், சென்சார் அதைப்போல இரண்டு மடங்கு சொன்னது. பிறகு இன்ஜின் சத்தம் சட்டென்று மங்கியது. மிதித்துப் பார்த்தேன். அதே முனகல். கோணியை எடுத்துவிட்டு அணைத்துக் கொஞ்ச நேரம் ஆறவிட்டு மறுபடியும் ஸ்டார்ட் செய்தேன். ஒன்றுமே நடக்காத அதே முகம்.

"இன்னாங்க தனியா சிரிச்சிக்கினு இருக்கீங்க?" என்றாள் மனைவி.

"சும்மாதான்" என்றேன்.

முறைப்படி பார்த்தால் மறுநாள் காலையில் நான் பட்டறைக்குப் போய் அவனைத் தனியாகக் கூப்பிட்டு அந்தக் கணக்கைக் காட்டியிருக்க வேண்டும். அவனும் சத்தமில்லாமல் பெட்டியை மாட்டியிருப்பான். அதன் பிறகு ஊரில் என்ன கதை ஓடும்? பெரியவர் ஓட்டத் தெரியாமல் நிறுத்தினார், பையன் எதையோ மாற்றிக் கொடுத்து ஓட வைத்தான். எனக்குக் கிடைத்தது எந்த வளைவில், எத்தனை ஜன்னல்களுக்கு முன்னால் கிடைத்ததோ, அதைக் குறைவில்லாமல் அவனுக்கும் சேர்ப்பிப்பது என்று முடிவு செய்தேன். கோணியை உதறி மடித்து எடுத்து வைத்தேன்.

மகனுக்குப் போன் போட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "என் கால்தான் காரணம்னு ஒத்துக்கறேன்டா. ஒரே ஒரு தடவை அவனே ஓட்டி வெள்ளிமலைக்குப் போய்க் காட்டட்டும். வண்டி ஏறிட்டா, நான் வண்டிய வித்துடறேன். நின்னுட்டா, அங்கேருந்தே அவன் உனக்குப் போன் பண்ணித் தன் வாயால காரணம் சொல்லணும். ஆனா சோதனைன்னா முறையா இருக்கணும். அன்னிக்கு இருந்த மாதிரியே எல்லாம் இருக்கணும். அதே நேரம், அதே எடை, ஏசி, முன்னால மெதுவா போற வண்டி."

"இவ்ளோதானேப்பா" என்றான் மகன். அவனுக்கு நிம்மதி. மெக்கானிக்குக்கோ கொண்டாட்டம். "வர்ற ஞாயித்துக்கெழமை ரெடி சார்!" என்று எனக்கே போன் செய்து கத்தினான். சனிக்கிழமையே வந்து வண்டியை எடுத்துப் போய் டீசல் நிரப்பிக் கொண்டுவந்து விட்டான்.

எடைக்கு ஆள் வேண்டும். ஆசிரியைகள் இருவரும் என் வண்டி என்றாலே கைகூப்பிவிட்டார்கள். மெக்கானிக் தன் மாமியாரை அழைத்துவருவதாகச் சொன்னான். அவருக்குச் சர்க்கரை வியாதி. வெள்ளிமலைச் சாமை அரிசி சாப்பிட்டால் குறையும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அங்கே கிடைக்கும் தேனையும் வாங்கிக் குடிக்கலாம் என்று அவராகவே சேர்த்துக்கொண்டிருக்கிறார். அந்த அம்மாளைப் பார்த்ததும் இரண்டு ஆசிரியைகள் வராத குறை தீர்ந்தது. கிரைண்டருக்குப் பதிலாக டிக்கியில் ஒரு சிப்பம் அரிசி வைத்தேன். என் இருக்கைக்கு அடியில் இன்னும் இரண்டு சாமான்கள் வைத்தேன்.

மெக்கானிக் ஸ்டீரிங்கில். நான் பக்கத்தில். பின்னால் என் மனைவியும் மாமியாரும். நடு வெயிலில் கிளம்பினோம். கச்சிராயபாளையத்தில் வெள்ளிமலை பஸ்ஸுக்காகக் காத்திருந்து அதற்குப் பின்னால் சேர்ந்துகொண்டோம்.

"டீச்சரம்மா, எங்க மாப்ள கை வச்சா செத்த வண்டியும் எழுந்து நிக்கும்" என்றார் மாமியார். "எம்மாம் பேரு தேடிக்கினு வர்றாங்க தெரியுமா?"

"அப்படிங்களா" என்றாள் என் மனைவி.

"ஆனா மாப்ள, ஏசிய இன்னும் கொஞ்சம் கூட்டுங்க. வேர்த்துக் கொட்டுது."

மலை தொடங்கியதும் மெக்கானிக்கின் இடது கை மெதுவாக ஏசி பொத்தானுக்குப் போனது. மேட்டில் ஏசியை நிறுத்தினால் இழுவை கூடும் என்று எந்த டிரைவருக்கும் தெரியும். நான் வாயைத் திறக்க வேண்டிய தேவையே வரவில்லை. அணைந்த மறுகணமே பின்னாலிருந்து குரல் வந்தது.

"இன்னா மாப்ள, நிறுத்திட்டீங்க? எனக்குப் படபடன்னு வருது."

"அத்தே, மலை ஏர்றப்ப கொஞ்ச நேரம்..."

"பஸ்ல போற சனமாச்சும் காத்து வாங்கிக்கினு போவுது. என்னை ஜன்னல மூடி அவிக்கிறீங்களா?"

ஏசி மறுபடியும் வந்தது. அந்த அம்மாள் மேல் எனக்கு அப்போதே மரியாதை பிறந்துவிட்டது. என் பணிமனையில் இப்படி ஒரு கண்காணிப்பாளர் கிடைத்திருந்தால் நான் இன்னும் நிம்மதியாக ஓய்வு பெற்றிருப்பேன்.

அடுத்து அவன் பஸ்ஸை முந்தப் பார்த்தான். "முந்தக் கூடாதுன்னு பேச்சு, தம்பி" என்றேன். "தெரியும் சார்" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு. பஸ் கரும்புகை விட்டுக்கொண்டு நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம். நான் செல்போனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தேன். அவ்வப்போது புரட்டிப் பார்த்தேன். வாசலில் இன்ஜின் மங்கியபோது என்ன எண் இருந்ததோ, அதை நோக்கி நாணயமாக ஏறிக்கொண்டிருந்தது.

அந்த வளைவு வருவதற்குச் சற்று முன்னாலேயே வண்டி முனக ஆரம்பித்தது. அவன் மிதித்தான். கியரை இறக்கினான். மறுபடியும் மிதித்தான். கழுத்தில் வேர்வை இறங்கியது. பஸ் வளைந்து மேலே போய்விட்டது. நாங்கள் வளைவின் நடுவில் நின்றோம். இன்ஜின் அணைந்தது. வண்டி பின்னால் உருளத் தொடங்கியது.

"ஐயோ மாப்ள! புடிங்க! புடிங்க!" மாமியார் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு போட்ட கூச்சலில் எதிர்மலையிலிருந்து அதே கூச்சல் திரும்பி வந்தது. அவன் ஹேண்ட்பிரேக்கைப் பிடுங்கி இழுத்தான். அதற்குள் நான் இறங்கி, இருக்கைக்கு அடியிலிருந்து எடுத்த ஆப்பு வடிவக் கட்டைகள் இரண்டையும் பின்சக்கரங்களுக்கு அடியில் செருகி முடித்திருந்தேன். நன்றாக இழைத்த வேலமரக் கட்டைகள்.

மேலிருந்து ஒரு ஷேர் ஜீப் இறங்கி வந்து நின்றது. உள்ளேயும் மேலேயும் பின்படியிலும் ஆட்கள். டிரைவர் தலையை நீட்டினார்.

"டீச்சரம்மா வண்டியா? மறுபடியும் அதே எடத்துலயா? தாத்தாவ ஓட்ட வேணாம்னாங்களே!"

நான் ஓரமாக நின்றுகொண்டு கைக்குட்டையால் கையைத் துடைத்தேன். அவர் ஸ்டீரிங்கைப் பார்த்தார்.

"அடேய்! மெக்கானிக்கு! நீயா ஓட்டிக்கினு வந்த?"

ஜீப்பின் மேலே உட்கார்ந்திருந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். ஒரு கிழவி, "இவருகிட்டதான் நம்ம ஜீப்ப வுட்டியா நீ?" என்று டிரைவரைக் கேட்டாள். சிரிப்பு மலையிறங்கி ஊர் போய்ச் சேர அதைவிட நல்ல வாகனம் கிடைக்காது. அவர்கள் கிளம்பிப் போகும் வரை அவன் நிமிரவில்லை.

"டீசல்ல தண்ணி கலந்துருக்கும் சார்" என்றான்.

"உன் பட்டறைக்கு எதிர் பங்க்லதான் நேத்து நீயே போட்டே."

"கிளட்ச்சு..."

"அது நீ மாட்டின புது கிளட்ச்."

"சரி, மேடு ஜாஸ்தி..."

"இதே மேடுதான் அன்னிக்கும்."

காலும் அவனுடைய கால்தான். அதை மட்டும் நான் சொல்லவில்லை. மாமியார் சொன்னார். "அப்ப சாரு மேல பழிய போட்டீங்களா மாப்ள? வூட்ல வந்து கெழவனுக்குக் காலு ஆடுதுன்னு சொல்லி சொல்லி சிரிச்சீங்களே!"

பானெட்டைத் திறக்கச் சொன்னேன். செல்போனை அவன் கையில் கொடுத்தேன். "சென்சாரத் தொட்டுப் பாரு" என்றேன். தொட்டான். உடனே விரலை எடுத்துக்கொண்டான். ரேடியேட்டரைத் தாண்டி வரும் அனல் நேராக அதன் மூஞ்சியில் அடித்துக்கொண்டிருந்தது. காற்று கொதிக்கிறது என்று அது கம்ப்யூட்டரிடம் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வைத்த இடத்தில் கொதிக்கத்தான் செய்தது. அவன் புரிந்துகொண்டான் என்பது முகத்தில் தெரிந்தது. முட்டாள் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

பானெட்டைத் திறந்து வைத்து ஆறவிட்டு, ஏசி இல்லாமல் வெள்ளிமலை போய்ச் சேர்ந்தோம். பஸ் ஸ்டாண்டில்தான் செல்போனுக்கு உயிர் வரும். மகனைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சத்தத்தை வைத்து மெக்கானிக் கையில் கொடுத்தேன்.

"மச்சி... வண்டி நின்னுடுச்சிடா."

"நின்னுடுச்சா? ஏன்?"

"அந்தச் சென்சாரு... கொஞ்சம் சூடு..."

"தெளிவாச் சொல்லு, தம்பி" என்றேன். "யாரு எடம் மாத்தினது, அத முதல்ல சொல்லு."

சொன்னான். உங்கப்பா காலில் குறை இல்லை என்பதையும் தனி வாக்கியமாகச் சொல்ல வைத்தேன். பிறகு மகன், "சாரிப்பா. நீங்களே ஓட்டிக்கினு போங்க" என்றான். சென்னையில் எத்தனை வருஷம் இருந்தாலும் தடுமாறும்போது ஊர்ப் பேச்சு வந்துவிடும் அவனுக்கு.

இறங்கும்போது நான்தான் ஓட்டினேன். மெக்கானிக் பக்கத்து இருக்கையில் சாமை மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். மாமியார் வழியெல்லாம் என் ஓட்டத்தைப் புகழ்ந்துகொண்டே வந்தார். ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் அவன் கழுத்து இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. என் மனைவி மட்டும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து வந்தாள். அலுப்பு என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் காரின் பின்பக்கம் நின்று கேட்டாள். "அந்தக் கட்டைங்க எங்கேருந்து வந்துச்சு?"

"நான்தான் தச்சர்கிட்ட சொல்லி இழைச்சு வாங்கினேன். மலையில வண்டி நின்னா முதல் வேலை சக்கரத்துக்கு அணை கொடுக்கறதுதான். அதுதான் முறை."

"எப்ப இழைச்சீங்க?"

"போன வாரம்."

அவள் என்னைப் பார்த்தபடியே நின்றாள். "நிக்கும்னு தெரிஞ்சிதான் என்னைப் பின்னால ஒக்கார வெச்சீங்களா?"

நான் விளக்கினேன். வளைவின் உட்பக்கம் சரிவு குறைவு என்று முன்னமே பார்த்து வைத்திருந்ததை, ஹேண்ட்பிரேக் கம்பியை இறுக்கி வைத்ததை, பின்னால் வண்டி எதுவும் வரவில்லை என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்ததை, எடை அன்றிருந்தபடியே இருந்தால்தான் சோதனை செல்லும் என்பதை, எல்லாவற்றையும். எதையும் விட்டுவைக்கவில்லை.

"எல்லாம் பார்த்தீங்க" என்றாள். "என்னாண்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லல."

"சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?"

"வந்திருக்க மாட்டேன்" என்றாள். உள்ளே போய் பீரோவைத் திறந்து, இன்னொரு சாவியையும் எடுத்து வந்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "ரெண்டும் உங்ககிட்டயே இருக்கட்டும். நான் இனிமே இதுல ஏற மாட்டேன்." சத்தம் போடவில்லை. வகுப்பில் பேர் கூப்பிடுகிற அதே குரல்.

அடுத்த வாரம் பட்டறையில் பழைய சாமான் குவியலிலிருந்து என் ஃபில்டர் பெட்டியைத் தேடி எடுக்க வைத்தேன். உள்ளே இருட்டில் இல்லை, சாலையைப் பார்த்த வாசலில்தான் வேலை நடக்க வேண்டும் என்றேன். டீ நேரம். நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்து, பெட்டியை மாட்டி, குழாயை நீட்டி, சென்சாரை அது பிறந்த இடத்தில் திருகி, பெட்டியின் வாயில் எலி நுழையாதபடி கம்பி வலை கட்டி முடிக்கும் வரை பார்த்தேன். லாரிக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். "சார் சொல்ற மாதிரி செய்டா" என்று அவர்களில் ஒருவர் சொன்னார். அவன் வாயில் ஸ்குரூ இருந்ததால் பதில் சொல்லவில்லை. எனக்கு அந்த டீயின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. இதற்காக நான் வருத்தப்பட வேண்டும் என்று மகன் நினைக்கிறான். முயன்று பார்த்தேன், வரவில்லை.

அந்த மாமியாருக்குச் சாமை தீர்ந்துவிட்டால் எனக்குத்தான் போன் செய்கிறார். மருமகன் ஓட்டும் வண்டியில் இனி ஏற மாட்டாராம். நானும் சந்தோஷமாகக் கூட்டிப் போகிறேன். கள்ளக்குறிச்சியில் அவரை ஏற்றிக்கொண்டு பட்டறை வாசலில் வேகத்தைக் குறைத்து ஒரு ஹார்ன் அடிப்பேன். அவரும் ஜன்னலை இறக்கி, "மாப்ள, போய்ட்டு வர்றேன்" என்பார். அவன் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொள்வான்.

போன முறை போனபோது வெள்ளிமலையில் ஒரு காதுகுத்து. டீச்சரம்மாவுக்கும் பத்திரிகை வந்திருந்தது. மலை தொடங்கும் இடத்தில் எங்கள் கார் வெள்ளிமலை பஸ்ஸுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. பஸ்ஸின் பின் கண்ணாடிக்குப் பக்கத்தில் மடியில் பையை வைத்துக்கொண்டு என் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"அது டீச்சரம்மா இல்ல?" என்றார் மாமியார். "இன்னா சார், வண்டிய வூட்ல வெச்சிக்கினு அவங்க பஸ்ல போறாங்க?"

"அவங்களுக்குப் பஸ்தான் பிடிக்கும்மா."

வளைவுகள் ஒவ்வொன்றாகப் போயின. வண்டி பிரமாதமாக இழுத்தது. ஏசி முழுசாக ஓடியது. செல்போனில் காற்றின் சூடு, மலைக்காற்று எவ்வளவு சூடோ அவ்வளவுதான் காட்டியது. ஒரு இடத்தில் சாலை அகலமாக இருந்தது. பஸ் டிரைவர் கையை நீட்டி முந்திக்கொள்ளச் சொன்னார்.

"வழி வுடறாரே, போங்க சார்" என்றார் மாமியார். "எம்மா நேரம் இந்தப் பொகைக்குப் பின்னாலயே போறது?"

"இருக்கட்டும்மா" என்றேன். பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஏறினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.